எதை முதலில் கம்பைல் செய்வது? ஜென்டூவின் போர்ட்டேஜ்: ஒரு பயனரின் மதிப்புரை

ஜென்டூ லினக்ஸில் மென்பொருள்களை நிறுவித் தரும் போர்ட்டேஜ் நல்ல கருவி. ஆனால் எதை எந்த வரிசையில் கட்டப்போகிறது என்று அது போட்டுக் காட்டும் பட்டியலைப் படிக்காமல் ‘எஸ்’ அடிக்கிறவர்களுக்கு அது நல்ல கருவி இல்லை. இந்த மதிப்புரையில் சொல்லப்போவது மொத்தமும் இதுதான். அவசரக்காரர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

நான் மதுரையில் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறவன். ஸ்க்ரைபஸ், இங்க்ஸ்கேப், லிப்ரே ஆபீஸ் இவைதான் அன்றாடம். கணினி எட்டு கோர், 16 ஜிபி நினைவகம், வயதானது. இதில் ஜென்டூ எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நியாயமான பதில் கிடையாது. எனக்குப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஜென்டூ என்பது மென்பொருள்களைத் தயார்நிலையில் இறக்காமல், மூலநிரலாக (மனிதர்கள் எழுதிய வடிவிலேயே) இறக்கி, நம் கணினியிலேயே கம்பைல் செய்துகொள்ளும், அதாவது இயங்கும் வடிவுக்கு மாற்றிக் கட்டிக்கொள்ளும் லினக்ஸ். டேனியல் ராபின்ஸ் தொடங்கியது. முதலில் ஈனாக் என்று பெயர் வைத்திருந்தார், அப்புறம் ஜென்டூ ஆனது. 1.0 பதிப்பு 2002 மார்ச் கடைசியில் வந்தது. ஜென்டூ ஒரு பென்குயின் இனத்தின் பெயர். பென்குயின்களிலேயே வேகமாக நீந்துவது அதுதானாம். ஜிசிசி என்ற கம்பைலரே கம்பைல் ஆகிக்கொண்டிருக்கும்போது இதை நினைத்தால் சிரிப்பு வரும். இந்த ஜென்டூவில் எந்த பேக்கேஜை, அதாவது எந்த மென்பொருள் பொதியை, எப்போது கட்டுவது என்று முடிவு செய்கிற மூளைக்குப் பெயர் போர்ட்டேஜ். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் போர்ட்ஸ் முறையைப் பார்த்து உருவானது, பைத்தானிலும் பேஷிலும் எழுதப்பட்டது. நாம் அடிக்கும் கட்டளை ‘எமெர்ஜ்’.

வரிசை ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பது லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் வழிகாட்டியைப் பின்பற்றி ஒருமுறையாவது கையால் கட்டியவர்களுக்குத் தெரியும். ஜெரார்டு பீக்மன்ஸ் 1999-இல் தொடங்கிய திட்டம் அது. அதில் கருவி எதுவும் உங்களுக்காக முடிவு செய்யாது. வரிசையை மனிதர்கள் யோசித்து எழுதி வைத்திருக்கிறார்கள். முதலில் பின்யுடில்ஸ் (கம்பைலர் தருவதை இயங்கும் கோப்பாக்கும் அசெம்பிளர், லிங்கர் முதலிய கருவிகள்), பிறகு ஜிசிசியின் முதல் சுற்று, பிறகு கெர்னல் ஹெடர்கள், பிறகு ஜிலிப்சி (பெரும்பாலான நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் சி நூலகம்), அதற்கப்புறம்தான் லிப்எஸ்டிசி++ (சி++ நூலகம்). கடைசியில் சொன்னது ஜிசிசியின் மூலநிரலுக்குள்ளேயே இருக்கிற பொருள். ஆனாலும் ஜிசிசியோடு சேர்த்துக் கட்ட முடியாது, ஏனென்றால் அதற்கு ஜிலிப்சி வேண்டும், ஜிலிப்சிக்கு ஜிசிசி வேண்டும். ஆக ஒரே மூலநிரலை இரண்டாகப் பிளந்து நடுவில் இன்னொன்றைச் செருகுகிறார்கள். பின்யுடில்ஸ் ஏன் முதலில் என்றால், ஜிசிசியும் ஜிலிப்சியும் கட்டப்படும்போதே அசெம்பிளரையும் லிங்கரையும் சோதித்துப் பார்த்து, அதற்கேற்பத் தங்கள் அம்சங்களைத் தீர்மானிக்கின்றன. அதைத் தள்ளிப்போட்டால் பிழை அப்போதே தெரியாது, ரொம்ப தூரம் போன பிறகுதான் தெரியும்.

அதே வழிகாட்டியில் எனக்குப் பிடித்த இடம் வேறு. தற்காலிகக் கருவிகளைக் கட்டும் அத்தியாயத்தில் எம்4, என்கர்சஸ், பேஷ் மூன்றும் முதலில் வரும். அப்புறம் கோர்யுடில்ஸ், டிஃப்யுடில்ஸ், ஃபைல், ஃபைண்ட்யுடில்ஸ், காக், கிரெப், ஜிஜிப் என்று எக்ஸ்இசட் வரை ஆங்கில அகரவரிசையிலேயே போகும். எதற்கு எது முன் என்ற கட்டாயம் தீர்ந்த இடத்தில் அகரவரிசை வந்து உட்கார்ந்துகொள்கிறது. வரிசையில் எது கட்டாயம், எது வெறும் வசதி என்பதை இதைவிடத் தெளிவாக எங்கும் பார்த்ததில்லை.

போர்ட்டேஜ் இந்த வேலையைத்தான் தானாகச் செய்கிறது. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ‘ஈபில்ட்’ என்றொரு சிறு கோப்பு. மூலநிரல் எங்கே, எப்படிக் கட்டுவது, அதற்கு எதெது வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்த ‘எதெது வேண்டும்’ என்பதை போர்ட்டேஜ் ஒற்றைப் பட்டியலாக எடுத்துக்கொள்வதில்லை. இங்கேதான் அது மற்றவற்றைவிட ஒரு படி மேலே நிற்கிறது. கட்டும்போது இணைக்க வேண்டிய நூலகம் ஒரு வகை. கட்டும்போது இயக்க வேண்டிய கருவி, அதாவது நிஞ்ஜா, மெசான், பிகேஜி-கான்ஃப் போன்றவை, இன்னொரு வகை. ஓடும்போது வேண்டியது வேறு. நிறுவிய பிறகு எப்போது வந்தாலும் போதும் என்பது வேறு. கருவியையும் நூலகத்தையும் பிரித்துச் சொல்லும் வசதி ஈபில்ட் விதிகளின் 7-ஆம் பதிப்பில் வந்தது. 8-ஆம் பதிப்பில் நிறுவும் கணத்தில் மட்டும் வேண்டியவற்றுக்கும் தனி இடம் கொடுத்தார்கள். வேறொரு வகைக் கணினிக்காக இங்கே கட்டுகிறவர்களுக்கு இந்தப் பிரிவினை உயிர். நிஞ்ஜா இந்தக் கணினியில் ஓட வேண்டும், இசட்லிப் என்ற நூலகம் அந்தக் கணினிக்கானதாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் வரிசை சரியாக வந்தும் பலனில்லை.

‘எப்போது வந்தாலும் போதும்’ என்ற வகை சாதாரணமாகத் தெரியும். உண்மையில் அது சுழலை அவிழ்க்கவென்றே வைத்த கதவு. அ-வுக்கு ஆ வேண்டும், ஆ-வுக்கு அ வேண்டும் என்று வந்தால், இரண்டில் ஒன்று ‘பிறகு வந்தாலும் போதும்’ என்று சொல்லிவிட்டால் வரிசை கிடைத்துவிடும். சொல்ல முடியாதபோதுதான் சிக்கல். அதற்கு வருகிறேன்.

முதலில் பட்டியலை எப்படிப் படிப்பது. ‘எமெர்ஜ்’ கட்டளையோடு பாசாங்கு, விவரம், மரம் ஆகிய மூன்று விருப்பங்களையும் சேர்த்து அடிப்பேன். ஆங்கிலச் சுருக்கம் பி, வி, டி. எதையும் கட்டாமல் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும். மரம் வடிவில், நாம் கேட்டது மேலே இருக்கும், அதற்கு வேண்டியவை அதன் கீழே உள்தள்ளி இருக்கும். கட்டப்படும் வரிசை கீழிருந்து மேல். புதிதாக வந்தவர்கள் பலர் மேலிருந்து படித்துவிட்டு, இது ஏன் முதலில் வருகிறது என்று குழம்புகிறார்கள். பக்கத்தில் எழுத்துகள் இருக்கும். என் என்றால் புதியது, யு என்றால் மேம்படுத்தல், ஆர் என்றால் இருப்பதையே மறுபடி கட்டுவது. யுவும் டியும் சேர்ந்து வந்தால் பதிப்பு கீழே இறங்குகிறது என்று பொருள். அதைக் கண்டால் மட்டும் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பட்டியலுக்கு மேலே, சார்புகளை, அதாவது எதற்கு எது வேண்டும் என்பதை, கணக்கிட எத்தனை வினாடி ஆனது என்றும் சொல்லும்.

என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருமுறை திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “அண்ணே, நீங்க கேட்டது இங்க்ஸ்கேப் ஒண்ணுதானே, இது என்னண்ணே ஊர்வலம் மாதிரி வருது?”

“ஒவ்வொண்ணும் ஏன் வருதுன்னு பக்கத்துலயே எழுதியிருக்கு பாருடா” என்றேன்.

பார்த்தான். அவனுக்குத் திருப்தியில்லை. நியாயம்தான், அதில் பாதி நான் போட்டுவைத்த யூஸ் ஃப்ளாகுகளால் வந்தது.

யூஸ் ஃப்ளாக் என்பதைச் சொல்லாமல் போர்ட்டேஜை மதிப்பிட முடியாது. ஒரு மென்பொருளில் எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று நாம் தேர்ந்தெடுக்கும் குமிழ்கள் அவை. அச்சுப்பொறி ஆதரவு வேண்டும், ப்ளூடூத் வேண்டாம் என்கிற மாதிரி. ஒவ்வொரு குமிழும் சார்பு வரைபடத்தில் ஒரு கோட்டைச் சேர்க்கும் அல்லது அழிக்கும். ஆகவே ஜென்டூவில் ‘சரியான வரிசை’ என்று பொதுவாக ஒன்று கிடையவே கிடையாது. என் கணினிக்கு ஒன்று, உங்கள் கணினிக்கு ஒன்று. கையால் எழுதி வைத்த பட்டியல் இங்கே செல்லாது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட்டாக வேண்டும். போர்ட்டேஜ் மெதுவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதால் அதன் மேல் எனக்கு முழுக் கோபம் வருவதில்லை.

இனி சுழல். என் வேலை தமிழ் எழுத்துருக்களோடு. யூனிகோடில் ‘கொ’ என்பது க-வும் அதன்பின் ஒரு உயிர்க்குறியும். ஆனால் திரையில் கொம்பு இடப்பக்கம் வர வேண்டும், கால் வலப்பக்கம் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். அது இல்லாவிட்டால் தமிழ் சிதறிவிடும். ஸ்க்ரைபஸின் பழைய 1.4 வரிசையில் தமிழ் சரியாக வராமல் போனதும், 1.5-இல் ஹார்ஃப்பஸ் சேர்ந்த பிறகு வந்ததும் பக்கம் வடிவமைக்கிறவர்களுக்கு மறக்காது. அதனால் ஹார்ஃப்பஸ் ஃப்ளாகை எல்லா பேக்கேஜுக்கும் பொதுவாகவே போட்டு வைத்திருந்தேன்.

புதிதாக நிறுவியபோது பட்டியலுக்குப் பதில் சிவப்பு எழுத்தில் வந்து நின்றது: வட்டச் சார்பு. ஹார்ஃப்பஸுக்கு ஃப்ரீடைப் வேண்டும், எழுத்துருக் கோப்பைத் திறந்து படிக்க. ஃப்ரீடைப்புக்கு ஹார்ஃப்பஸ் வேண்டும், எழுத்துகளைத் தானாகச் சீராக்கும் பகுதிக்கு. வேலை கிடைக்க அனுபவம் வேண்டும், அனுபவம் கிடைக்க வேலை வேண்டும் என்று இன்டர்வியூவில் சொல்வார்களே, அதே கதை.

இங்கே போர்ட்டேஜ் நடந்துகொண்ட விதத்தைப் பாராட்ட வேண்டும். வெறுமனே ‘முடியாது’ என்று சொல்லவில்லை. சுழலில் யார் யார் இருக்கிறார்கள் என்று வரிசையாகக் காட்டியது. அதன் கீழே, இந்தச் சுழலை உடைக்க ஃப்ரீடைப்பில் ஹார்ஃப்பஸ் ஃப்ளாகை எடுத்துப் பார்க்கலாம் என்று யோசனையும் சொன்னது. அதன்படியே, ஃப்ளாகைத் தற்காலிகமாக எடுத்து ஃப்ரீடைப்பை மட்டும் தனியாகக் கட்டினேன். இதற்கு ‘ஒன்ஷாட்’ என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நான் விரும்பிக் கேட்டவற்றின் பட்டியலில் அது நிரந்தரமாகச் சேர்ந்துகொள்ளும். பிறகு ஃப்ளாகைத் திரும்ப வைத்துவிட்டு வழக்கம்போல அடித்ததும் ஹார்ஃப்பஸ், அதன்பின் ஃப்ரீடைப் மறுபடியும் என்று ஒழுங்காகப் போனது. கையால் கட்டுகிறவர்களுக்கான வழிகாட்டிகளும் இதே முறையைத்தான் சொல்லிவந்தன: முதலில் ஹார்ஃப்பஸ் இல்லாத ஃப்ரீடைப், பிறகு ஹார்ஃப்பஸ், மறுபடி ஃப்ரீடைப்.

ஆக, வழி போர்ட்டேஜுக்குத் தெரிந்திருக்கிறது. எந்தக் கண்ணியை அறுத்தால் சங்கிலி கழலும் என்று கண்டுபிடித்துவிட்டது. ஆனால் தானாக அறுக்காது. ஒரே பேக்கேஜை ஒரே ஓட்டத்தில் இரண்டு விதமாக இரண்டு முறை கட்டலாம் என்ற எண்ணமே அதன் கணக்கில் இல்லை. பட்டியலில் ஒரு பேக்கேஜ் ஒரு ஸ்லாட்டில் (ஒரே பேக்கேஜின் வெவ்வேறு பதிப்புகள் அருகருகே இருக்க ஒதுக்கும் இடம்) ஒரு முறைதான் வரும். இந்தக் கருவியின் பெரிய குறை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். டிஃப், வெப்பி படநூலகங்களுக்கிடையிலும் இதே சுழல் வரும். அங்கே வெப்பியின் டிஃப் ஃப்ளாக், கூடவே வரும் சின்னக் கட்டளைக் கருவிகள் டிஃப் கோப்பைப் படிப்பதற்கு மட்டும்தான். அதை நிரந்தரமாக எடுத்துவிட்டாலும் பெரும்பாலானவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நான் எடுத்துவிட்டேன். ஃப்ரீடைப்பில் அப்படி விட மனம் வரவில்லை.

தானாக அறுக்காமல் இருப்பதற்கும் ஒரு நியாயம் சொல்வார்கள். எந்த வசதியைத் தற்காலிகமாக இழக்கலாம் என்பது பயனர் எடுக்க வேண்டிய முடிவு, கருவி எடுக்கக் கூடாது என்று. ஏற்கிறேன். ஆனால் கேட்கலாமே! ‘இப்படிச் செய்யட்டுமா’ என்று ஒரு வரி கேட்டால் போதும்.

அடுத்தது, வரிசையில் கண்ணுக்குத் தெரியாத பகுதி. ஜிசிசி, ஜிலிப்சி, கோர்யுடில்ஸ் போன்றவற்றைத் தன் சார்பாக எழுத வேண்டாம் என்பது ஈபில்ட் எழுதுகிறவர்களுக்கு ஜென்டூவின் விதி. அடிப்படைத் தொகுப்பு எப்போதும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பல்லாயிரம் ஈபில்டுகளில் ‘எனக்கு கம்பைலர் வேண்டும்’ என்று திரும்பத் திரும்ப எழுதுவது வீண் என்பது சரிதான். ஆனால் அதன் விளைவு, அடிப்படைத் தொகுப்புக்குள்ளே எதற்கு எது முன் என்பது போர்ட்டேஜுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அதனால் அந்தத் தொகுப்பைத் தொடும்போது அது எச்சரிக்கையாக, இணையாகக் கட்டும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு நடக்கிறது. வேண்டாம் என்றால் அந்த அனுமானத்தையே அணைத்துவிட ஒரு விருப்பம் இருக்கிறது. நான் அணைப்பதில்லை.

இது வெறும் தத்துவம் இல்லை. 2024 மார்ச்சில் ஜென்டூ 23.0 என்ற புதிய ப்ரொஃபைல்களை, அதாவது அடிப்படை அமைப்புகளின் தொகுப்புகளை, வெளியிட்டது. மாறுவதற்கான அறிவிப்பில், முதலில் பின்யுடில்ஸ், பிறகு ஜிசிசி, பிறகு ஜிலிப்சி, இந்த வரிசையில்தான் மறுபடி கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஜிசிசியைக் கட்டச் சொல்லும்போது போர்ட்டேஜ் ஜிலிப்சியை முதலில் இழுத்தால் விடாதீர்கள், நிறுத்திவிட்டு, சார்புகளைக் கணக்கில் எடுக்காதே என்ற விருப்பத்தோடு மறுபடி அடியுங்கள் என்றும் இருந்தது. வரிசை போடவென்றே இருக்கும் கருவியிடம், இந்த ஒரு இடத்தில் மட்டும் வரிசை போடாதே என்று அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். அந்த மூன்றும் முடிந்த பிறகு, கணினியில் இருக்கிற எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும். அதற்கு மட்டும் கருவி முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டது. அறிவிப்புகளைப் படிக்காமல் ஜென்டூ வைத்திருக்காதீர்கள் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஈபில்ட் எழுதியவர் ஒரு சார்பை எழுத மறந்துவிட்டால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அந்த நூலகம் எப்படியும் வேறு எதற்காகவோ முன்பே நிறுவப்பட்டிருக்கும். புதுக் கணினியில், பல பேக்கேஜுகளை ஒரே நேரத்தில் கட்டச் சொல்லும்போதுதான் அது வெளியே வரும். ஒற்றையாகக் கட்டினால் தற்செயலாக முன்னால் வந்திருக்கும் பேக்கேஜ், இணையாகக் கட்டும்போது இன்னும் பாதியில் இருக்கும். வரைபடம் எந்த அளவுக்கு உண்மை சொல்கிறதோ அந்த அளவுக்குத்தான் வரிசையும் உண்மையாக இருக்கும். கணக்குப் போடுவது உண்மையில் எளிய பகுதி. யுனிக்ஸில் 1970-களிலிருந்தே ‘டிசார்ட்’ என்ற சின்னக் கட்டளை இருக்கிறது. இதற்கு முன் இது என்று ஜோடி ஜோடியாகக் கொடுத்தால் வரிசைப்படுத்திக் கொடுக்கும், சுழல் இருந்தால் இருக்கிறது என்று சொல்லும். உங்கள் லினக்ஸிலும் இருக்கிறது, அடித்துப் பாருங்கள். போர்ட்டேஜின் மதிப்பு அந்தக் கணக்கில் இல்லை, அதற்குக் கொடுக்கும் ஜோடிகளை இத்தனை வருடம் திருத்தித் திருத்திச் சேர்த்து வைத்திருக்கும் உழைப்பில் இருக்கிறது.

கட்டி முடித்த பிறகும் வரிசைக் கவலை விடாது. ஐசியு (யூனிகோடு எழுத்துகளைக் கையாள்வது) போன்ற ஒரு நூலகம் பெரிய பதிப்பு மாறினால், அதோடு இணைத்துக் கட்டியவை எல்லாம் மறுபடி கட்டப்பட வேண்டும். லிப்ரே ஆபீஸ் உட்பட. முன்பெல்லாம் எது உடைந்தது என்று தேட ‘ரெவ்டெப்-ரீபில்ட்’ என்று தனியாக ஒரு நிரல் ஓட்ட வேண்டும். ஈபில்ட் விதிகளின் 5-ஆம் பதிப்பில் துணை ஸ்லாட் என்ற வசதி வந்த பிறகு, இந்த நூலகம் மாறினால் என்னையும் மறுபடி கட்டு என்று பேக்கேஜே சொல்லிவைக்கலாம். அதனால் எல்லாம் ஒரே பட்டியலில், நூலகத்துக்குப் பின்னால் வந்து நின்றுவிடும். நடுவில் பழைய நூலகக் கோப்பையும் யாராவது பயன்படுத்திக்கொண்டிருக்கும் வரை அழிக்காமல் வைத்திருக்கும். பாதி மேம்படுத்தலில் லிப்ரே ஆபீஸைத் திறந்து வேலை பார்க்க முடிவது இதனால்தான். அருமையான ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை.

தன்னைத் தானே கம்பைல் செய்யும் மொழிகளின் விஷயத்தில் வரிசை மட்டும் உதவாது. ரஸ்டின் ஒவ்வொரு பதிப்பையும் கட்ட முந்தைய பதிப்பு வேண்டும். ஆகவே முதல் ரஸ்ட் பெரும்பாலும் எங்கிருந்தாவது ஆயத்தமாகத்தான் வரும். ஜென்டூவிலும் அப்படி ஒரு ஆயத்த பேக்கேஜ் இருக்கிறது. எனக்கு ரஸ்ட் எதற்கு என்று நினைக்காதீர்கள், எஸ்விஜி படங்களைக் காட்டும் லிப்ஆர்எஸ்விஜி ரஸ்டில் எழுதப்பட்டது, டெஸ்க்டாப் வைத்தால் அது வந்தே தீரும். எல்லாவற்றையும் மூலத்திலிருந்து கட்டுகிறேன் என்று மார்தட்டும் ஜென்டூக்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். இதில் உண்மையாகவே அடிவரை இறங்கியவர்கள் குய்க்ஸ் என்ற இன்னொரு லினக்ஸ் திட்டத்தார். 2023-இல் 357 பைட் அளவுள்ள ஒரே ஒரு இருமக் கோப்பிலிருந்து தொடங்கி, படிப்படியாக ஜிசிசி வரை கட்டிக் காட்டினார்கள். அந்த வரிசைப் பட்டியலைப் பார்த்தால் போர்ட்டேஜின் பட்டியல் குழந்தை விளையாட்டு.

நடைமுறைக்கு வருவோம். வெயில் காலத்தில் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. போர்ட்டேஜ் ஒவ்வொரு பேக்கேஜாக முடித்து நிறுவிக்கொண்டே போவதால், முடிந்தவை முடிந்தவைதான். கரண்ட் வந்ததும் ‘ரெஸ்யூம்’ போட்டால் விட்ட பேக்கேஜிலிருந்து தொடரும். பாதியில் நின்ற அந்த ஒன்று மட்டும் முதலிலிருந்து. அது சின்னதாக இருந்தால் பரவாயில்லை, வலைப்பக்கங்களைக் காட்டும் க்யூடி வெப்எஞ்சின் மாதிரி ராட்சதனாக இருந்தால் அன்றைய பொழுது போச்சு. ஏதாவது ஒன்று பிழையாகி நின்றாலும் மற்றவை தொடர ‘கீப் கோயிங்’ இருக்கிறது. தோற்ற பேக்கேஜையும் அதை நம்பியிருப்பவற்றையும் கழித்துவிட்டு, மீதிக்குப் புதிதாக வரிசை போட்டுக்கொண்டு போகும். இரவில் ஓடவிட்டுத் தூங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் போட வேண்டும்.

நினைவகக் கணக்கையும் மறக்க வேண்டாம். ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு கம்பைல் வேலைக்கும் 2 ஜிபி என்று ஜென்டூ கையேடு சொல்கிறது. என் 16 ஜிபிக்கு எட்டு. இதோடு பேக்கேஜுகளையும் நான்கு நான்காக இணையாகக் கட்டச் சொன்னால் எட்டு முப்பத்திரண்டாகிவிடும், கணினி மூச்சுத்திணறும். எனவே சராசரிச் சுமைக்கு ஒரு வரம்பு போட்டுவிடுங்கள்.

2023 டிசம்பர் கடைசியில் ஜென்டூவே ஆயத்த பேக்கேஜுகளை வழங்கத் தொடங்கியது. 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கும் 64 பிட் ஆர்ம் கணினிகளுக்கும் நிறைய கிடைக்கிறது. பழைய கைகள் சிலர் முகம் சுளித்தார்கள். நான் வரவேற்கிறேன். ஆயத்தமாக ஒன்றை எடுக்கும்போது, அதைக் கட்டுவதற்கு மட்டும் வேண்டிய கருவிகள் பட்டியலிலிருந்தே காணாமல் போகின்றன. ஓடும்போது வேண்டியவை மட்டும் மிஞ்சும். பட்டியல் பாதியாகச் சுருங்குவதைப் பார்க்கும்போதுதான், இத்தனை நாள் நாம் கட்டியதில் எவ்வளவு சாரக்கட்டு என்பது புரிகிறது. என் யூஸ் ஃப்ளாகுகளோடு ஒத்துப்போவதை ஆயத்தமாக எடுத்து, ஒத்துப்போகாததை மட்டும் கட்டும்படி வைத்திருக்கிறேன்.

ஒப்பிட வேண்டுமென்றால் ஃப்ரீபிஎஸ்டியின் போர்ட்ஸோடுதான் ஒப்பிட வேண்டும். அங்கே ஒரு போர்ட்டின் அடைவுக்குள் போய் நேரடியாகக் கட்டச் சொன்னால், அது வேண்டியதற்குள் இறங்கும், அதற்கு வேண்டியதற்குள் இறங்கும், அங்கங்கே நின்று விருப்பப் பெட்டியைக் காட்டி நம்மைக் கேட்கும். காபி குடித்துவிட்டு வந்தால் கேள்வியோடு காத்திருக்கும். எல்லாக் கேள்வியையும் முன்பே கேட்டுவிடச் செய்ய ஒரு வழி இருக்கிறது, பெரிய அளவில் கட்டுகிறவர்கள் பூத்ரியர் என்ற தனிக் கருவியை வைத்துக்கொள்கிறார்கள். போர்ட்டேஜ் அப்படியில்லை. முதல் பேக்கேஜைத் தொடுவதற்கு முன்பே முழு வரைபடத்தையும் போட்டுவிடும். முடியாது என்றால் ஆரம்பத்திலேயே முடியாது. இந்த ஒரு குணத்துக்காகவே அதன் மெத்தனத்தைப் பொறுத்துக்கொள்கிறேன்.

மெத்தனம் உண்மை. பழைய கணினியில், பல மாதம் மேம்படுத்தாமல் விட்டு அடித்தால், ஒரு முடிவெடுத்துப் பார்த்து, முட்டி, பின்வாங்கி, வேறு முடிவெடுத்துப் பார்த்து என்று நேரமெடுக்கும். அப்புறம் வரும் பிழைச் செய்திகள் நீளமோ நீளம். ஒரே ஸ்லாட்டில் ஒரு பேக்கேஜின் இரண்டு பதிப்புகள் மோதுகின்றன என்று திரை நிறையக் கொட்டும். அவற்றில் பல எச்சரிக்கை மட்டும்தான், வேலை தடைப்படாது. எது தடை, எது தகவல் என்று முதல் பார்வையில் பிரித்தறிய முடியாதபடி எழுதியிருக்கிறார்கள். எத்தனை பேர் இந்த ஒரு திரையைப் பார்த்து ஜென்டூவை விட்டு ஓடியிருப்பார்களோ.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? கணினி வாங்கிய நாளே வேலை தொடங்க வேண்டியவர்களுக்கு வேண்டவே வேண்டாம். அடிக்கடி, குறைந்தது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேம்படுத்தப் பொறுமை இருப்பவர்களுக்கு நன்றாக உழைக்கும். பட்டியல் சின்னதாக இருக்கும், சுழலும் மோதலும் அரிதாகத்தான் வரும். பணம் கிடையாது, கரண்ட் பில் மட்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஸ்டேஜ் 3 என்ற தொடக்கத் தொகுப்பை இறக்கி, டெஸ்க்டாப் ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, ஆயத்த பேக்கேஜுகளை இயக்கி வையுங்கள். ஹார்ஃப்பஸ் ஃப்ளாகைப் பொதுவாகப் போடுவதை டெஸ்க்டாப் ஒருமுறை எழுந்து நின்ற பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஃப்ரீடைப் ஏற்கெனவே கணினியில் இருக்கும், சுழல் என்ற பேச்சே வராது.